திருகோணமலையில் சமூகப்பணிக் களப்பயிற்சி: இடம் பிடிப்பது முதல் விடைபெறுவது வரை

கேள்வி இது: "சமூகப்பணி இளமாணி இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு திருகோணமலை என்பதால் களப்பயிற்சியை அங்கேயே செய்யலாம், இடத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பிரதேச செயலகமா, வைத்தியசாலையா, அரச சார்பற்ற நிறுவனமா, எது நல்லது? எப்படிக் கேட்பது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

மூன்றிலும் நல்ல பயிற்சி கிடைக்கும். மூன்றிலும் ஒரு தவணை முழுக்க வீணாகவும் போகும். அதைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வேறு வேலை பார்க்காமல் உங்களோடு உட்கார்ந்து, நீங்கள் செய்ததைப் பற்றி மட்டும் கதைக்க அங்கே ஒருவர் இருக்கிறாரா? உங்கள் பொறுப்பு என்று சொல்லி இரண்டு மூன்று குடும்பங்களையோ, ஒரு சிறுவர் குழுவையோ, ஒரு கிராமத்தில் ஒரு குறிச்சியையோ தருவார்களா? இரண்டுக்கும் "ஓம்" என்று சொல்லும் இடம் கிண்ணியாவில் ஒரு சின்ன முதியோர் இல்லமாக இருந்தாலும் போங்கள். இரண்டுக்கும் மழுப்புகிற இடம் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். சான்றிதழில் பெயர் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

இந்த ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சமூகப்பணியை முறையாகப் படித்தவர்கள் அலுவலகங்களில் குறைவு. இலங்கையில் சமூகப்பணிப் பயிற்சி 1952 இல் தொடங்கிவிட்டாலும், தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் இளமாணிப் பட்டம் 2005 இல்தான் வந்தது. ஆகவே உங்களை மேற்பார்வை செய்பவர் சமூகவியலோ தமிழோ அரசறிவியலோ படித்த, பத்துப் பதினைந்து வருடம் களத்தில் நின்ற ஒருவராக இருப்பார். அது குறையல்ல. அவருக்கு ஊர் தெரியும், அலுவலகக் கோவை தெரியும், யாரிடம் எப்படிக் கேட்பது என்பது தெரியும். சமூகப்பணி முறைகளைத்தான் அவர் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார். எனவே மேற்பார்வையை இரண்டாகப் பிரியுங்கள்: அன்றாட வேலைக்கு அலுவலக உத்தியோகத்தர், முறைக்கும் பதிவுகளைத் திருத்துவதற்கும் துறை விரிவுரையாளர் அல்லது சமூகப்பணி படித்த வெளியாள் ஒருவர். துறை ஒத்துக்கொண்டால் இரண்டாமவரைத் தொலைபேசியிலோ சூமிலோ சந்திக்கலாம். இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், இருவரும் "அவர் பார்க்கிறார்தானே" என்று விட்டுவிடுவார்கள்.

எங்கே போவது

இரண்டாம் வருடத்துக்கு நான் சொல்வது பிரதேச செயலகம். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றின் சமூக சேவைப் பக்கத்தில் சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், முதியோருக்கான உத்தியோகத்தர் என்று பலர் ஒரு கூரையின் கீழ் இருப்பார்கள். ஒரு குடும்பத்தின் பிரச்சினை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எப்படிப் போகிறது, எங்கே தொலைகிறது என்பதை வேறெங்கும் இவ்வளவு கிட்ட நின்று பார்க்க முடியாது.

ஒரே கூரைதான், ஒரே மேலதிகாரி அல்ல. இது தெரியாமல் கடிதம் எழுதித்தான் பலருக்கு ஒரு மாதம் போகிறது. நன்னடத்தையும் சமூக சேவைகளும் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின் பின் மாகாண சபைகளுக்கும் வந்தன. ஆனால் மத்திய அரசின் திணைக்களங்களும் அப்படியே இருக்கின்றன. உதாரணமாக, நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தவர். நீதிமன்றத்துக்குச் சமூக அறிக்கை கொடுப்பவர் அவர். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய திணைக்களத்தவர்; தடுப்பு வேலையும் கிராம மட்டச் சிறுவர் குழுக்களும் அவர் பக்கம். பிள்ளை ஒன்றின் விடயத்தில் யார் எதைச் செய்யலாம் என்பது இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் திருகோணமலையில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு: மாகாணத் திணைக்களம், மாவட்டச் செயலகம் இரண்டுக்கும் ஒரே காலையில் நேரில் போய்க் கேட்டுவிடலாம். கிழக்கின் மற்ற மாவட்டத்து மாணவருக்கு இது இல்லை.

வைத்தியசாலையின் உளநலப் பிரிவும், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான நட்பு நிலையமும் கடைசி வருடத்துக்கு வையுங்கள். அங்கே வருகிறவர்கள் நெருக்கடியில் வருகிறார்கள். இரண்டாம் வருட மாணவர் அங்கே கதிரையில் இருந்து பார்க்க மட்டுமே முடியும், பார்க்கவும் கூடாத நேரங்களே அதிகம். கிழமைக்கு இரண்டு நாள் வருகிறவருக்கு அந்தச் சூழலில் தொடர்ச்சியும் கிடைக்காது. தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு கிழமை, ஒவ்வொரு நாளும் போகும் தொகுதிப் பயிற்சிக்குத்தான் வைத்தியசாலை பொருந்தும்.

அரச சார்பற்ற நிறுவனத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தத் திட்டம் எப்போது முடிகிறது?" என்பது. நிதி டிசம்பரில் முடிகிற திட்டத்தில் ஒக்டோபரில் சேர்ந்தால் நீங்கள் பார்க்கப்போவது அறிக்கை எழுதும் அவசரத்தைத்தான். வினாக்கொத்தைக் கையில் தந்து வீடு வீடாக அனுப்பிவிடுவார்கள். கணக்கெடுப்பும் ஒரு வேலைதான், ஆனால் அது களப்பயிற்சி அல்ல.

சிறுவர் இல்லங்களைப் பற்றி ஒரு தயக்கம் எனக்கு எப்போதும் உண்டு. வந்து பழகி, பிறகு போய்விட்ட பெரியவர்கள் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் ஏற்கெனவே நிறைய. மூன்று மாதம் "அக்கா, அக்கா" என்று ஒட்டவைத்துவிட்டு மறைகிறவர் அந்தப் பட்டியலில் இன்னொருவர் ஆகிறார். போவதென்றால் தனித்தனிப் பிள்ளையோடு நெருங்கும் வேலை வேண்டாம். நாள், நேரம், எண்ணிக்கை எல்லாம் முன்னரே சொல்லப்பட்ட குழு வேலை மட்டும் செய்யுங்கள்.

கடிதம்

பயிற்சி தொடங்க ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன் கடிதம் போக வேண்டும். பிரதேச செயலகம் என்றால் பிரதேச செயலாளருக்கு, மாகாணத் திணைக்களம் என்றால் அதன் தலைவருக்கு, வைத்தியசாலை என்றால் பணிப்பாளருக்கு அல்லது வைத்திய அத்தியட்சகருக்கு. நீங்கள் விரும்பும் உத்தியோகத்தரிடம் முதலில் போய் வாய்மொழியாகக் கேட்டு, அவர் சரி என்ற பிறகே மேலே கடிதம் கொடுங்கள். மேலிருந்து கட்டளையாக வந்த மாணவரை யாரும் மனம் வைத்துப் பார்ப்பதில்லை.

ஒரு பக்கம் போதும். பாடநெறி, வருடம், பதிவிலக்கம், தொடங்கும் திகதி, முடியும் திகதி, கிழமையில் எந்த நாட்கள், மொத்த மணித்தியாலம், துறை மேற்பார்வையாளரின் பெயரும் தொலைபேசியும், மாணவர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று நாலு வரி. இந்தக் கடைசி நாலு வரியைத்தான் பெரும்பாலான கடிதங்களில் காணோம். கொடுத்தவுடன் கடிதப் பதிவேட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்துப் போய் "என் கடிதம் என்னாச்சு" என்றால் யாருக்கும் தெரியாது. இலக்கம் சொன்னால் விடய உத்தியோகத்தர் எடுத்துத் தருவார்.

ஒரு மேற்பார்வையாளரிடம் இரண்டு மாணவருக்கு மேல் வேண்டாம். ஐந்து பேர் ஒன்றாகப் போனால் ஒரு சுற்றுலாக் குழு மாதிரி ஜீப்பில் ஏற்றிக் கிராமம் காட்டுவார்கள்.

நாட்கணக்கு

துறையின் களப்பயிற்சிக் கைநூலில் சொன்ன மணித்தியாலத்தை நாளாக மாற்றிப் பாருங்கள். அரச அலுவலகம் காலை 8.30 முதல் மாலை 4.15 வரை. சாப்பாட்டு நேரம் போக ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள். கிழமைக்கு இரண்டு நாள், 15 கிழமை என்றால் 30 நாள், 210 மணித்தியாலம். காகிதத்தில் 30 நாள். கையில் 25 கிடைத்தால் பெரிய விஷயம். மாதம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை; ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் தீபாவளி, நத்தார், பொங்கல்; அதற்கு மேல் வடகீழ்ப் பருவமழை. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை வெருகல், மூதூர், கிண்ணியா தாழ்நிலங்களில் வெள்ளம் வந்தால் நீங்கள் பார்க்கும் குடும்பம் பாடசாலையில் தங்கியிருக்கும், உங்கள் உத்தியோகத்தர் சமைத்த உணவு பங்கிட ஓடிக்கொண்டிருப்பார். அந்த நாட்களை இழந்த நாட்களாக எண்ணாதீர்கள். இடைத்தங்கல் முகாமில் பெயர் பதிவு, பொருட்பங்கீடு, யார் விடுபட்டார்கள் என்ற பட்டியல் எல்லாம் முழுமையான பயிற்சிதான். ஆனால் ஓர் ஆளோடு அல்லது ஒரு குடும்பத்தோடு செய்யும் உங்கள் தனிநபர் பணியும் குழு வேலையும் அப்போது நின்றுவிடும். நாலைந்து நாளை மேலதிகமாக முதலிலேயே அட்டவணையில் போட்டு வையுங்கள்.

எந்த இரண்டு நாள் என்பதும் முக்கியம். பொதுமக்கள் தினத்தில் உத்தியோகத்தர்கள் மேசையை விட்டு எழும்ப மாட்டார்கள். அன்று வருகிறவர்களை எப்படி உள்வாங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். மற்றது களத்துக்குப் போகும் நாளாக இருக்கட்டும். கிண்ணியா, மூதூர் பக்கம் வெள்ளிக்கிழமையைக் களநாளாக எடுத்தால் ஜும்ஆவோடு பகல் போய்விடும். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை என்பதையும் பாடசாலை வழியாகக் குழு அமைக்கிறவர்கள் மறந்துபோகிறார்கள்.

கற்றல் ஒப்பந்தம்

பயிற்சியில் எதைக் கற்பேன், எப்படிக் கற்பேன் என்று மேற்பார்வையாளரோடு எழுத்தில் ஒத்துக்கொள்வது இது. இதை வெறும் படிவமாக நிரப்பிக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. முதல் இரண்டு கிழமைக்குள் மூன்று அல்லது நாலு இலக்கு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வேன், எதைக் காட்டுவேன், எந்தத் திகதிக்குள். "சிறுவர் பாதுகாப்பு பற்றி அறிதல்" என்பது இலக்கு அல்ல. "பாடசாலையை விட்டு இடைவிலகிய இரண்டு பிள்ளைகளின் குடும்பங்களை உத்தியோகத்தரோடு ஒரு தடவையும் தனியாக மூன்று தடவையும் சந்தித்து, ஒவ்வொன்றுக்கும் சமூக மதிப்பீட்டு அறிக்கை எட்டாம் கிழமைக்குள் எழுதிக் காட்டுதல்" என்பது இலக்கு. இரண்டாவது மாதிரி எழுதினால் மேற்பார்வையாளருக்கு உங்களிடம் எந்தக் குடும்பத்தைக் கொடுப்பது என்பது விளங்கும். முதலாவது மாதிரி எழுதினால் கோவைக்குள் கடிதம் அடுக்கத்தான் தருவார்.

கோவை அடுக்குவது பற்றி: முதல் கிழமையில் அடுக்குங்கள், நல்லது. எந்தப் படிவம் எதற்கு, ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் என்ன காரணம் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் கிழமையிலும் பாதிக்கு மேல் நேரம் அதற்கே போனால் மேற்பார்வை நேரத்தில் ஒப்பந்தத்தை மேசையில் வைத்துக் கதையுங்கள். முறைப்பாட்டுத் தொனி வேண்டாம், "எட்டாம் கிழமைக்குள் இந்த அறிக்கை வேணும் சேர், எந்தக் குடும்பத்தில இருந்து தொடங்கட்டும்?" என்று கேட்டால் போதும்.

வீட்டுக்குப் போவது

முதல் தடவை உத்தியோகத்தரோடு அல்லது கிராம உத்தியோகத்தரோடு போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். இரண்டாம் தடவை தனியாகப் போகலாம், ஆனால் எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அலுவலகத்தில் ஒரு துண்டில் எழுதிவைத்துவிட்டுத்தான். திரும்பும் பஸ் நேரத்தைப் போகும்போதே நடத்துநரிடம் கேளுங்கள். புல்மோட்டைப் பக்கமோ வெருகல் பக்கமோ உள்கிராமத்தில் இறங்கியவருக்கு அடுத்த பஸ் எப்போதும் இராது.

வாசலில் நின்று முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் யார் அல்ல என்பதை. 2004 கடல்கோளுக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கையில் கோவையோடு வந்தவர்கள் ஏதோ கொடுத்தார்கள், அல்லது கொடுப்பதாகப் பெயர் எழுதினார்கள். 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்த பிறகு இன்னொரு பயமும் சேர்ந்தது: வருகிறவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்க் கொடுப்பனவை வெட்டிவிடுவாரோ என்று. அதனால் தொலைக்காட்சி உள்ளே போகும், வேலைக்குப் போகும் மகன் "சும்மா இருக்கிறான்" ஆவான். அது பொய் சொல்லும் குணம் அல்ல. "நான் அஸ்வெசுமக்கு வரல்ல, எந்த உதவித் திட்டத்துக்கும் பெயர் எழுத வரல்ல, படிக்கிற பிள்ளை, இன்ன மிஸ்ஸோட வேலை பழகுறன்" என்று நேரே சொல்லுங்கள். கொஞ்சம் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒரு குறிச்சி முழுக்க ஒரு குறிப்பிட்ட நாளில் கதவு சாத்தியிருந்தால், நுண்கடன் வசூலுக்கு வரும் நாளா என்று பக்கத்துக் கடையில் விசாரியுங்கள். மீனவக் குடும்பம் என்றால் அதிகாலையில் கரைக்கு வந்தவர் மத்தியானம் நித்திரை. பின்நேரம் நாலு மணிக்குப் பிறகு போனால் ஆளும் இருப்பார், கதையும் இருக்கும். பெரும்போகம் விதைக்கும் நாட்களில் தம்பலகாமம் பக்கம் பகலில் வீட்டில் முதியவர்கள் மட்டும்.

உறவுப் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே பல முஸ்லிம் வீடுகளில் "தாத்தா" என்றாலும் "ராத்தா" என்றாலும் அக்கா. "தாத்தாதான் என்னை வளர்த்தாங்க" என்று பிள்ளை சொல்ல, தமிழ் வீட்டிலிருந்து போன மாணவர் குடும்ப மரவரைபில் ஒரு பாட்டனாரைச் சதுரம் (ஆணுக்கான குறி) போட்டு வரைந்துவிட்டு, இரண்டு கிழமை கழித்து அந்தச் சதுரத்துக்கு வயது 22 என்று கண்டுபிடிப்பார். தமிழ் வீடுகளிலும் பெரியம்மாவை "அம்மா" என்றே கூப்பிடுகிற பிள்ளைகள் உண்டு. சொன்ன பெயரை மேற்கோளில் எழுதி, பக்கத்தில் "தாயின் மூத்த மகள்" என்பதுபோல உறவை விரித்து எழுதும் பழக்கம் வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதமளவில். எந்த மாணவரும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் வெளியாள்தான். மொழி தெரியாத வீட்டில் பக்கத்து வீட்டாரையோ அந்த வீட்டுப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாய் தன் புருஷனைப் பற்றிச் சொல்வதைப் பத்து வயது மகள் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிச் சொல்லும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

பதிவு எழுதுவது

பயிற்சியின் அரைவாசி இதுதான், அதிகம் பேர் கோட்டை விடுவதும் இதில்தான். ஒரு கற்பனை உதாரணம். கரையோரக் கிராமம், 13 வயதுப் பையன், இரண்டு மாதமாகப் பாடசாலை இல்லை. மாணவி முதலில் எழுதியது:

"தாய் உரிய ஒத்துழைப்பு வழங்கவில்லை. பிள்ளையின் கல்வியில் அக்கறை குறைவு. ஆலோசனை வழங்கப்பட்டது."

மூன்று வசனத்தில் ஒன்றிலும் நடந்தது இல்லை. அதே சந்திப்பைச் செயல்முறைப் பதிவாக, அதாவது சொன்னதையும் நடந்ததையும் அப்படியே வரிசையாக எழுதினால்:

நான்: தம்பி இப்ப பள்ளிக்கூடம் போறாரா அம்மா?
தாய்: (பையனைப் பார்த்துவிட்டு) போறான், போறான். இந்தக் கிழமைதான் காய்ச்சல்.
பையன் முற்றத்தில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.
நான்: காய்ச்சல் எத்தனை நாளா?
தாய்: (பேசவில்லை. அடுப்பைப் பார்த்தார்.) சப்பாத்து இல்லாமப் போனா வாசல்ல நிப்பாட்டுறாங்க மகள்.
நான்: சப்பாத்துக்கு ஏதாவது ஒழுங்கு செய்யலாம் அம்மா.

இப்போது மேற்பார்வையாளருக்குக் கதைக்க விஷயம் இருக்கிறது. முதல் கேள்வியைப் பையனுக்கு முன்னால், ஆம்-இல்லை என்று பதில் வருகிற மாதிரிக் கேட்டதால் தாய்க்குப் பொய் தவிர வேறு வழி இல்லை. இரண்டாவது கேள்வி அந்தப் பொய்யைப் பிடிக்கப்போட்டது. ஆனாலும் அதன் பின் வந்த மௌனத்தை மாணவி குலைக்காமல் இருந்ததால்தான் சப்பாத்து வெளியே வந்தது. பிழை கடைசி வரியில். சப்பாத்து வாங்கிக் கொடுக்க அவருக்கு அதிகாரமும் இல்லை, நிதியும் இல்லை. அடுத்த தடவை வெறுங்கையோடு போகும்போது இந்த வீடு மூடிவிடும். அதோடு சப்பாத்துதான் காரணம் என்று முடிவு கட்டியதில், வலைக்கு ஈயம் கோக்கிற கை தப்பிப்போனது. அந்தப் பையன் சம்பாதிக்கிறான். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று அந்த வாசலில் நின்று சட்டம் சொல்வதில் பயனில்லை. அவன் கொண்டுவரும் காசு இல்லாமல் அந்த வீடு எப்படி ஓடும் என்பதைத்தான் அடுத்த சந்திப்பில் கேட்க வேண்டும். அதற்குள் பாடசாலை வரவு இடாப்பை உத்தியோகத்தர் மூலம் பார்க்கலாம்.

முழு ஒரு மணித்தியாலத்தையும் இப்படி எழுதத் தேவையில்லை. முக்கியமான பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நாலு நிரல்: சொன்னதும் நடந்ததும்; அப்போது எனக்குள் தோன்றியது; பயன்படுத்திய திறன்; மேற்பார்வையாளர் குறிப்புக்கு வெற்றிடம். இரண்டாவது நிரலை வெறுமையாக விடுகிறவர்கள்தான் அதிகம். "பயமாக இருந்தது", "எரிச்சல் வந்தது" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கே, பிந்தினால் மறுநாளைக்குள் எழுதுங்கள். மூன்றாம் நாள் எழுதினால் நடந்தது வராது, நடந்திருக்க வேண்டியதுதான் வரும். வீட்டில் முன்னால் இருந்து குறிப்பெடுக்காதீர்கள். பஸ்தரிப்பில் உட்கார்ந்து சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

இந்தப் பதிவு உங்கள் படிப்புக்கு. அலுவலகக் கோவைக்குப் போவது வேறு: திகதி, யாரைச் சந்தித்தேன், என்ன கண்டேன், என்ன ஒத்துக்கொண்டோம், அடுத்தது என்ன என்று அரைப் பக்கம். இரண்டையும் கலந்து, தன் எரிச்சலை அரச கோவைக்குள் வைத்துவிடுகிற ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது.

பெயரை மாற்றினால் மட்டும் ஆள் மறைந்துவிடாது. "சம்பூரில் மீள்குடியேறிய, இரண்டு பிள்ளைகளுள்ள, தையல் கடை வைத்திருக்கும் பெண்" என்று எழுதினால் அந்த ஊரில் எல்லோருக்கும் யாரென்று தெரியும். துறைக்குக் கொடுக்கும் பிரதியில் ஊரை "ஒரு கரையோரக் கிராமம்" ஆக்குங்கள், தொழிலை மாற்றுங்கள். படம் எடுக்கவே வேண்டாம். சீருடையில் நிற்கும் பிள்ளையின் முகத்தை மறைத்தாலும் கழுத்துப்பட்டி பாடசாலையைக் காட்டிக்கொடுக்கும். பேஸ்புக்கில் "இன்றைய களப்பயிற்சியின் சில தருணங்கள்" என்று போடுகிறவர்களுக்குத் துறை ஏன் புள்ளி வெட்டுவதில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

குழு வேலை

ஆறு முதல் பத்துப் பேர், ஆறு முதல் எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்திலிருந்து ஒன்றரை வரை. வயது இடைவெளி மூன்றுக்கு மேல் வேண்டாம். 9 வயதும் 15 வயதும் ஒரு வட்டத்தில் உட்கார்ந்தால் பெரியவர்கள் கதைப்பார்கள், சின்னவர்கள் ஓடுவார்கள். ரியூஷன், குர்ஆன் மதரசா நேரங்களை முதலில் பிள்ளைகளிடமே கேட்டு மிச்சத்தில் நேரம் போடுங்கள். அமர்வு கூடாமல் போவதற்குப் பாடத்திட்டத்தை விட நேரம்தான் காரணமாக இருக்கும். கேக்கும் சோடாவும் கொடுத்துக் கூட்டம் சேர்க்காதீர்கள். மூன்றாம் அமர்வில் கேக் இல்லையென்றால் குழுவும் இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம் என்று ஏற்கெனவே கூடுகிற இடங்கள் இருக்கின்றன. புதுச் சங்கம் தொடங்கிவிட்டுப் போவது ஊருக்குப் பாரம்.

உடனே சொல்ல வேண்டியவை

பிள்ளை தனக்கு நடந்த துஷ்பிரயோகத்தைச் சொன்னால் நாலே விஷயம். "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். விசாரணை மாதிரித் தோண்டாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்பது பிள்ளையையும் கெடுக்கும், வழக்கையும் கெடுக்கும். பிள்ளை சொன்ன சொல்லை அதே சொல்லில் எழுதுங்கள். அன்றைக்கே, வீட்டுக்குப் போகுமுன், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். அவர் கிடைக்காவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது. தற்கொலை பற்றி ஒருவர் கதைத்தாலும் அன்றைக்கே சொல்ல வேண்டும். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மூன்றையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வீட்டு வன்முறையில் மாணவர் செய்யும் வழமையான பிழை, புருஷனிடம் போய்ச் சமாதானம் கதைப்பது. அன்றிரவு அடி இரட்டிப்பாகும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது 12 மாதம் வரை நீடிக்கலாம், சட்ட உதவி ஆணைக்குழு வழக்குக்கு உதவும் என்பதை அந்தப் பெண்ணுக்குத் தெரியப்படுத்துவது வரைதான் உங்கள் வேலை. போவதா இல்லையா என்பது அவர் முடிவு. மிச்சம் உத்தியோகத்தர் கையில்.

சொந்தக் காசு கொடுக்காதீர்கள், சொந்த வட்ஸ்அப் இலக்கமும் கொடுக்காதீர்கள். இரவு பதினொரு மணிக்கு வரும் செய்திக்கு நீங்கள் பதில் போட்டாலும் பிரச்சினை, போடாவிட்டாலும் பிரச்சினை.

முடிக்கும்போது

கடைசி நாளில் போய் "இன்றோடு முடிகிறது" என்று சொல்லாதீர்கள். கடைசிக்கு மூன்று சந்திப்புக்கு முன்னரே திகதியைச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் நினைவூட்டுங்கள். பிள்ளைகள் குழுவில் மிச்ச அமர்வுகளை ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக வெட்டச் செய்யலாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கக் கையளிப்புக் குறிப்பு: எங்கே தொடங்கினோம், எது நடந்தது, எது பாதியில், அடுத்து யார் பார்ப்பார். அந்த "அடுத்து யார்" உத்தியோகத்தரின் பதவியாக மட்டும் இல்லாமல், அவரை ஒருமுறை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டியதாக இருக்க வேண்டும்.

மணித்தியாலப் பதிவில் கையெழுத்தைக் கிழமைக்குக் கிழமை வாங்குங்கள். அரச சேவையில் வருடாந்த இடமாற்றம் பெரும்பாலும் ஜனவரியில் நடைமுறைக்கு வரும். ஒக்டோபரில் தொடங்கியவரின் மேற்பார்வையாளர் பொங்கலுக்குள் அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ போய்விட்டால், புதிதாக வந்தவர் தான் பார்க்காத பத்துக் கிழமைக்கு ஒப்பமிட மாட்டார், இடவும் கூடாது. டிசம்பர் நடுவில் இடைக்கால மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்கித் துறைக்கு அனுப்பிவிடுங்கள்.